அழாத பிள்ளைக்கு முதல் பரிசு

1981 நவம்பர் 16, திங்கள்

விடிய மழை. சைக்கிள் செயின் இரண்டு தரம் கழன்றது. புதன்கிழமை மல்லாவி கிளினிக்கில் சுகதேகிப் பிள்ளைப் போட்டி. வேண்டியவை: தராசுத் துணி, பரிசுக்குச் சவர்க்காரம், சான்றிதழ்த் தாள்.

மருத்துவிச்சி என்ற முறையில் என் பகுதிக்கு லெட்சுமியின் மகனைப் பதிந்தேன். மூன்று மாதம். மலைநாட்டிலிருந்து வந்த குடும்பம். அவள் மிளகாய்க் கன்று நடும்போது பிள்ளை மரத்தடி ஏணையில் கிடக்கும். குண்டுக் கன்னம். தராசில் போட்டாலும் அழாது.

"பால் குடிக்கவே நாமதாங்க எழுப்பணும், மிஸி."

அழாத பிள்ளை நல்ல பிள்ளை, கொடுத்து வைத்தவள் என்றேன்.

நவ. 18, புதன்

பதினொரு பிள்ளைகள். பத்துப் பிள்ளைகளின் அழுகையில் காது அடைத்தது. லெட்சுமியின் மகன் மட்டும் தூக்கம். தீர்ப்புச் சொல்ல வவுனியாவிலிருந்து வந்த டொக்டர் அவனை நெடுநேரம் கையில் வைத்திருந்தார். பரிசு எங்களுக்குத்தான் என்று நினைத்தேன். நாக்கைப் பார்த்தார், தொப்புளை அழுத்திப் பார்த்தார், பாதத்தைத் தொட்டார்.

"மலம் ஒழுங்காப் போகுதோ?"

"நாலு நாளைக்கு ஒருக்காதாங்க," என்றாள் லெட்சுமி.

என்னைத் தனியே கூப்பிட்டார். கழுத்துச் சுரப்பி பிறவியிலேயே வேலை செய்யவில்லையாம். குண்டு இல்லை, ஊதல். மருந்து பிந்தினால் மூளை வளராதாம். பிந்திய கிழமைகளைத் திருப்பி எடுக்கவும் முடியாதாம்.

"வெளிநாட்டிலை பிறந்த கிழமையே குதிக்காலிலை ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பாக்கினம். இஞ்சை உங்கடை கண்தான் இருக்கு, மிஸி."

இரத்தம் கொழும்புக்கு. முடிவு வரும்வரை காத்திருக்க மாட்டாராம், மாத்திரை நாளைக்கே.

"முந்தி இப்பிடிப் பிள்ளை ஏதும் கண்டிருக்கிறீங்களோ?"

இல்லை என்றேன்.

நவ. 19, வியாழன்

மழை விட்டது. மாத்திரை பஸ் கொண்டக்டரிடம் வந்தது. அரை மாத்திரை, நசுக்கி, தாய்ப்பாலில் கரைத்து. செய்து காட்டினேன்.

"அழாத புள்ளைய நல்ல புள்ளைன்னு நீங்கதானே மிஸி சொன்னீங்க?" லெட்சுமி கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

தலையிடி. நேற்று டொக்டருக்குச் சொன்னது பொய். முந்தி என் பகுதியில் இருந்த கமலத்தின் மகள். இரண்டு வருடத்துக்கு முந்திய போட்டி. அன்று டொக்டர் வரவில்லை, தீர்ப்பு என்னுடையது. அதே ஊதிய கன்னம், அதே குளிர்ந்த கால். முதல் பரிசு கொடுத்தேன். அடுத்த மாதமே பளைக்குக் குடிபோனார்கள். பிறகு நான் விசாரிக்கவில்லை.

நவ. 22, ஞாயிறு

பளை. மாங்குளத்தில் பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம். திரும்பிவிடலாம் என்று இரண்டு தரம் நினைத்தேன்.

கமலம் கதிரையைத் துடைத்துப் போட்டாள். தேத்தண்ணி. சுவரில் சான்றிதழ், கண்ணாடிச் சட்டத்துக்குள். கீழே என் கையெழுத்து. பிள்ளை பாயில். இரண்டு வயதும் நாலு மாதமும். நிற்கவில்லை. ஒரு சொல் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், நேரம் சென்றுதான் திரும்பினாள்.

"இருத்தின இடத்திலையே இருப்பாள், மிஸி. ஒரு கரைச்சலும் இல்லை. நடை கொஞ்சம் பிந்துது, அவ்வளவுதான்."

கிளினிக்குக்குக் கொண்டு போகவில்லையா என்று கேட்டேன்.

"பரிசு வாங்கின பிள்ளைக்குக் கிளினிக் ஏன் எண்டு விட்டிட்டம்."

காலைத் தொட்டேன். குளிர். பஸ்ஸில் யோசித்து வைத்ததில் பாதிகூட வாயில் வரவில்லை.

"நாளைக்கு டொக்டரிட்டைக் கொண்டு வாங்கோ. நானும் வாறன்."

கமலத்தின் முகம் மலர்ந்தது. பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துத் தலையைக் கோதினாள்.

"திரும்பவும் போட்டியோ, மிஸி?"