பாதையில் நட்ட மரங்கள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

அன்று காலை நான் முதலில் பார்த்தது மரத்தூளைத்தான். நம் காட்டு விடுதிக்கு வரும் விருந்தாளிகளின் தண்ணீர் ஊற்றாத கழிப்பறைகளுக்கு மரத்தூள் நிரப்பி வைப்பது அம்மாவின் வேலை என்று உனக்குத் தெரியும், ஒரு சிட்டிகைகூட வெளியே சிந்தமாட்டாள். அன்றைக்கு வாளியில் போடுவதை விட்டுவிட்டுத் தன் கால்மேலேயே கொட்டிக்கொண்டிருந்தாள், கொட்டுவதும் தெரியாமல் என்னைப் பார்த்துச் சிரித்தாள், சிரிப்பு முகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தது. நலம் விசாரிக்காமல் இப்படியா தொடங்குவது என்று அம்மா இப்போது கட்டிலிலிருந்து முறைக்கிறாள். இது அவளுடைய கடிதம், கை மட்டும் என்னுடையது. அவள் சொல்கிறபடியே எழுதுகிறேன். பெரியவனே, நீ வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் இங்கே எங்களுக்குப் பொழுது விடிகிறது. அப்பா இருக்கிறார், சின்னவள் இருக்கிறாள், நானும் இருக்கிறேன். இது வரைக்கும் அம்மா சொன்னது.

அப்பா டவுனிலிருந்து உனக்குப் போன் செய்தபோது 'லேசா மயக்கம், இப்ப பரவால்ல' என்றுதான் சொன்னாராம். அது மயக்கம் இல்லை அண்ணா, பக்கவாதம். வலது கையும் காலும் வரவில்லை, பேச்சு குழறிவிட்டது. அன்றைக்கு விருந்தாளிகள் ஐந்து பேர் இருந்தார்கள், அவர்களும் அப்பாவும் பிரம்பு நாற்காலியில் அம்மாவை உட்காரவைத்து, இரண்டு பக்கமும் மூங்கில் கட்டித் தூக்கினார்கள். கீழே ரோட்டோரக் கேட் வரை நாலு கிலோமீட்டர், எப்போதும் ஒரு மணி நேர நடை. நாம் நட்டு வளர்த்த மரங்களுக்கு நடுவில் அந்த நாற்காலி நுழையவில்லை. மோட்டார் பைக்கூட வரக் கூடாது என்று கன்றுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, இரண்டடிக்கு ஒன்றாக நட்டோமே, அது இன்றைக்குத் தொடைப் பருமன் மரம். ஒவ்வொரு இடத்திலும் நாற்காலியை இறக்கி, அம்மாவைப் பக்கவாட்டில் சாய்த்து, கம்பை அவிழ்த்து, மறுபடி கட்டினார்கள். கிளை முகத்தில் அடிக்காமல் இருக்க நான் முன்னால் ஒதுக்கிக்கொண்டே போனேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. டாக்டரம்மா அதட்டவில்லை, மெதுவாகத்தான் சொன்னார், 'ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருந்தாக்கூட ஊசி போட்டிருக்கலாம்' என்று. அப்பா அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே சட்டைப் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக நின்றார்.

மரம் ஏற்றும் லாரிகள் போன பழைய பாதையை நாம் மூடிய வருஷம் எனக்கு ஏழு வயது. நீ அன்று அம்மாவோடு போட்ட சண்டை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 'அவசரத்துக்கு ஒரு வண்டி வர்ற அளவுக்காவது விடும்மா' என்று நீ சொன்னாய், 'ஒரு வண்டிக்கு விட்டா ஒம்பது வண்டி வரும், அப்புறம் பாட்டுப்பெட்டி வரும், பிளாஸ்டிக் வரும், மிருகமெல்லாம் மூட்டையக் கட்டிக்கிட்டுப் போயிடும்' என்று அம்மா சொன்னாள். அவள் சொன்னதும் பொய்யில்லை. வந்துபோகும் ஒவ்வொருவரும் கிளம்பும்போது பாதையில் ஒரு கன்று நட்டுவிட்டுப் போவது என்று வைத்தோம், அதற்காகவே ஆட்கள் தேடி வந்தார்கள். இரண்டாம் வருஷமே மான் வந்தது. ஒரு விருந்தாளி அப்பாவிடம், 'மானைப் பாத்துட்டோம், மலை அணிலைப் பாத்துட்டோம், உங்க பொண்ணத்தான் பாக்க முடியல' என்று சொன்னாராம், நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மா வீட்டுக்கு வந்து ஏழு வாரம் ஆகிறது. விருந்தாளிகள் யாரும் வர வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். குளியல் தண்ணீரை வடிகட்டுகிற பாத்தியில் கோரையை நானே அறுத்துவிட்டேன், தண்ணீர் தெளிவாகத்தான் ஓடைக்குப் போகிறது, பாத்தியில் தவளை இருக்கிறதா என்று அம்மா தினமும் கேட்கிறாள், இருக்கிறது. சோலார் பேட்டரியில் ஒன்று இறங்கிவிட்டது, அதனால் கூடத்தில் மட்டும் விளக்கு. அம்மா பேசுவது அப்பாவுக்குப் புரிவதில்லை. எனக்குத்தான் புரிகிறது, பாதியைக் காதால் கேட்கிறேன், மீதியைக் கண்ணைப் பார்த்துப் பிடிக்கிறேன். அவள் ஏதாவது சொன்னால் அப்பா உடனே என் முகத்தைப் பார்ப்பார். யாரிடமும் நாலு வார்த்தை பேசாத நான்தான் இப்போது இந்த வீட்டில் எல்லாருக்கும் வாய்.

இனி நடந்ததை எழுதத்தான் இந்தக் கடிதமே. டாக்டரம்மா போன வாரம் நடந்தே மேலே வந்து சோதித்துவிட்டு, பக்கவாதம் இன்னொரு தடவை வரலாம், இந்த வருஷத்துக்குள்ளேயே வரலாம் என்று சொல்லியிருக்கிறார். மழை தொடங்க இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை, தொடங்கிவிட்டால் நாலு மாதத்துக்கு மரம் அறுப்பவர்கள் மேலே வரமாட்டார்கள். அதனால் அப்பா அவர்களைக் கூட்டி வந்துவிட்டார். மூன்று பேர், ரம்பத்தோடு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா கட்டிலருகே மண்டியிட்டு, 'பாதைய வெட்டி விடட்டுமா? உன்னைக் கேக்காம ஒரு கிளையக்கூட தொடமாட்டேன்' என்று கேட்டார். அம்மா சொன்னாள். மூன்று தடவை சொன்னாள். அப்பா என் பக்கம் திரும்பி, 'என்னம்மா சொல்றா?' என்றார். நான், 'வேண்டாமாம்' என்றேன்.

அம்மா சொன்னது 'வெட்டு' என்று.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன் அண்ணா. அந்த மரங்களோடுதான் நான் வளர்ந்தேன், வேறு யாரோடும் இல்லை. பாதை திறந்தால் சத்தம் வரும், ஆட்கள் கூட்டமாக வருவார்கள், நான் ஒளிந்துகொள்ள ஒரு கதவு போதாது. அந்த ஒரு நொடியில் எனக்கு அம்மா நினைவில்லை, நான்தான் இருந்தேன். அப்பா, 'தெரியும். அவ உசிரே போனாலும் அப்படித்தான் சொல்லுவா' என்று சொல்லிவிட்டு எழுந்து போய் ஆட்களைத் திருப்பி அனுப்பினார். அவர்களில் பெரியவர், 'வீட்டம்மா வேணாம்னா ரம்பமும் வேணாங்கும்' என்று சிரித்தபடி இறங்கிப் போனார். அம்மா இடது கையால் கட்டில் சட்டத்தை அடித்தாள். அப்பா அவளுக்குத் தன்மேல் கோபம் என்று நினைத்துக் காலைப் பிடித்துவிட்டார்.

அதற்குப் பிறகு மூன்று நாள் அம்மா என் கையால் கஞ்சி குடிக்கவில்லை. கரண்டியை நீட்டினால் வாயை இறுக்கி மூடிக்கொள்வாள், அப்பா கொடுத்தால் திறப்பாள். 'உன் மேல என்னடி கோபம் இவளுக்கு?' என்று அப்பா கேட்டார், தெரியவில்லை என்றேன், அது இரண்டாவது பொய். இன்று மத்தியானம் அப்பா தண்ணீர்க் குழாயைப் பார்க்க ஓடைக்குப் போனதும் அம்மா என்னைக் கூப்பிட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். 'காகிதம் எடு, அண்ணனுக்கு எழுது, எல்லாத்தையும் எழுது, நீ பண்ணினதையும் எழுது' என்றாள். எழுதிவிட்டேன்.

இனி அவள் சொன்னது. ஒரு சொல்லுக்கும் மறு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கி, எச்சிலைத் துடைக்கச் சொல்லி, சொன்னாள். 'பெரியவனே, அன்னைக்கு நீ சொன்னதக் கேட்டிருக்கணும். காட்டுக்கு நல்லது செய்யணும்னா வீட்டுக்கு வழி வைக்கக் கூடாதுன்னு நானே ஒரு சட்டம் போட்டுக்கிட்டேன். நீ கோவிச்சுக்கிட்டுப் போனது மரத்து மேல இல்ல, என் மேலன்னு எனக்குத் தெரியும். அதுக்காக வராம இருக்காத.' அப்புறம் என்னைக் காட்டி, 'ரோடு இருந்திருந்தா இவ வீட்லேர்ந்தே ஸ்கூலுக்குப் போயிருப்பா. ஹாஸ்டல்ல விட்டோம், ஒம்பது நாள்ல அழுதுகிட்டே நடந்து வந்துட்டா. இவ படிப்பையும் சேத்துத்தான் அந்த மரத்துக்குக் குடுத்தேன்' என்றாள். நான் ஒருநாளும் அப்படி நினைத்ததில்லை என்று சொன்னேன், 'நான் நினைச்சேன், எழுது' என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, எழுத்து இந்த இடத்தில் கலைந்திருந்தால் அதுதான் காரணம். அம்மா அழவில்லை. 'மரம் மறுபடி வரும்டி. எனக்கப்புறம் அப்பாவும் போயிட்டா, நீ இங்க தனியா விழுந்தா உன்னை யாரு தூக்குவா?' என்று கேட்டாள்.

எல்லா மரத்தையும் வெட்ட வேண்டாமாம். ஒரு வண்டி போகிற அகலம், ஏழடி, அதற்கு மேல் ஒரு விரல்கூட வேண்டாமாம். கீழே கேட்டில் சங்கிலி போட வேண்டுமாம், ஆஸ்பத்திரி வண்டிக்கு மட்டும் அது திறக்க வேண்டுமாம், விருந்தாளிகள் எப்போதும் போல நடந்துதான் வர வேண்டுமாம். எந்த மரம் போக வேண்டும், எது இருக்க வேண்டும் என்று சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டாமல் ரம்பக்காரர்களை விட்டால் எல்லாவற்றையும் சாய்த்துவிடுவார்கள் என்று பயப்படுகிறாள். படுக்கையில் கிடந்தும் காட்டைத்தான் நினைக்கிறாள் அண்ணா.

அம்மா உனக்குச் சொன்னது இன்னும் இருக்கிறது. குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. வேலை இடத்தில் யாரோடும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே, உனக்கு அந்தப் பழக்கம் உண்டு, அது என்னிடமிருந்து வந்தது. காலைச் சாப்பாட்டை விடாதே. மழைக்கு முன்னால் ஒரு தடவை வந்துவிட்டுப் போ, வர முடியாவிட்டால் பதிலாவது போடு, சின்னவள் படித்துக் காட்டுவாள். என் பிள்ளை எங்கே இருந்தாலும் நூறு வயது நோயில்லாமல் இருக்க வேண்டும், நடந்தாலும் வண்டியில் வந்தாலும் வழி உனக்குத் திறந்தே இருக்க வேண்டும். இவ்வளவும் அம்மா சொன்னது. அடியில் இருக்கிற கோணல் கோடு அவள் இடது கையால் போட்டது, கையெழுத்து என்று வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா
எழுதியது சின்னவள்

பி.கு. உறையை ஒட்டுவதற்குள் அப்பா ஓடையிலிருந்து வந்துவிட்டார். அம்மா 'வெட்டு' என்றுதான் சொன்னாள், நான்தான் மாற்றிச் சொன்னேன் என்று சொல்லிவிட்டேன். அவர் நனைந்த செருப்போடு அப்படியே உள்ளே அம்மாவிடம் போனார். நான் சுண்ணாம்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு கீழே கேட் வரை இறங்கி, முதல் மரத்தில் கோடு போட்டேன்.