உயிரோடு இருப்பவனுக்கு ஓர் அஞ்சலி

பதுளை
3.2.1974

அன்பு ஹம்ஸியாவுக்கு,

வீட்டில் எல்லாரும் சுகம்தானே? உன் வீட்டுக்காரர் வாஹித் நானாவின் கடைக்கு இந்தக் கிழமையாவது கோதுமை மா வந்ததா? இங்கே பாணுக்கு விடிய முன்னமே வரிசை. போன மாதம் ஒரு பாட்டை மட்டும் உறையில் போட்டு அனுப்பினாய், கூட ஒரு வரி இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒரே வயலினில் மாறி மாறிப் பழகினவர்கள் நாம் என்பதை நான்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும் போல.

சரி, கோபம் போகட்டும். வருகிற 16ஆம் திகதி சனிக்கிழமை பின்னேரம் எங்கள் தந்தி வாத்தியக் குழு நகர மண்டபத்தில் மூக்கையாவின் பாட்டுகளை மட்டுமே வாசிக்கப்போகிறது. ஆறு வயலின், இரண்டு வயோலா, றவூப் மாஸ்டரின் செல்லோ. பொப் பாட்டென்றால் துள்ளல் என்று நினைக்கிற ஊரில், உங்கள் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துப் பெடியன் ஒரு கிட்டாரையும் லயத்து வீடுகளில் பெண்கள் பாடும் மெட்டுகளையும் வைத்துக்கொண்டு எல்லாரையும் அழவைத்தானே! ஒக்டோபரில் இரண்டு அரசாங்கங்களின் ஒப்பந்தப்படி அவனை இந்தியப் பாஸ்போர்ட்டோடு ரயிலேற்றிவிட்ட அன்று நானும் ஸ்டேஷனில் நின்றேன். போய்ச் சேர்ந்தானா என்று ஒரு தகவலும் இல்லை. பிரியாவிடையையாவது ஒழுங்காகச் செய்வோம்.

அவன் படத்தோடு நோட்டீஸ் இருநூறு அடித்தாயிற்று. ஒலிபெருக்கிக்கு அனுமதி தந்த பொலிஸ் இன்ஸ்பெக்டரையே விசேட அதிதியாக அழைத்திருக்கிறேன். பொங்கலன்று உடைந்த பாலத்தைப் பற்றி நீ அனுப்பிய பாட்டுத்தான் கடைசி உருப்படி. நோட்டீசில் உனக்கு நன்றி சொல்லிப் பெயரும் ஊரும் போட்டிருக்கிறேன். இப்போது சந்தோஷம்தானே?

உன்
மலர்


மடுல்சீமை
6.2.1974

மலர்,

இதைத் தபாலில் போடவில்லை. பஸ் கண்டக்டர் ஷுக்ரியின் கையில் கொடுத்துவிடுகிறேன். வாசித்ததும் அடுப்பில் போடு. யா அல்லாஹ், என்ன காரியம் செய்துவிட்டாய்! இல்லை, செய்தது நான்.

மூக்கையா எங்கேயும் போகவில்லை. ஹப்புத்தளையில் ரயிலை விட்டு இறங்கி, மரக்கறி லொறியில் திரும்பி வந்துவிட்டான். மூன்றரை மாதமாக எங்கள் கடைப் பரணில் சாக்குகளுக்கு நடுவே இருக்கிறான். அவன் பெண்சாதி பேச்சி தகப்பனின் விண்ணப்பத்தில் பதிந்தவள், அந்தக் குடும்பத்துக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்தது. இவனுக்கு இந்தியா. அவளுக்கு இப்போது ஏழாம் மாதம். “புள்ள மொகத்த ஒரு தடவ பாத்துட்டுப் போயிர்றேங்கக்கா” என்று வாசலில் விழுந்து அழுதான். எங்கள் இவரால் தட்ட முடியவில்லை. பிடிபட்டால் அவனைக் கப்பலில் ஏற்றுவார்கள், இவரை மறியலில் அடைப்பார்கள். பேச்சியின் தகப்பனுக்குக்கூடச் சொல்லவில்லை, குடித்தால் அந்த மனுசனுக்கு வாய் நிற்காது.

அந்தப் பாட்டை அவன் போன மாதம் மாச்சாக்குக் கடதாசியில் எழுதினான். நல்ல பாட்டு வீணாகப் போகிறதே என்று எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஒக்டோபரில் கப்பலேறியவனுக்குத் தைப்பொங்கலன்று உடைந்த பாலம் எப்படித் தெரியும்? அந்தப் புத்தி அப்போது எங்கே போனதோ!

படங்களைக் கிழி. நிகழ்ச்சியை நிறுத்து. பொலிஸ் ஜீப் சத்தம் கேட்டாலே ஓடிப்போய்ப் பரண் ஏணியை எடுத்து ஒளிக்கிறேன்.

ஹம்ஸியா


பதுளை
10.2.1974

ஹம்ஸியா,

ஷுக்ரியின் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். இரண்டு நாளாக நோட்டீஸ் கிழித்துக்கொண்டு திரிகிறேன். பஸ் நிலையத்தில் ஒருவர், “என்ன டீச்சர், உங்கட நோட்டீசை நீங்களே கிழிக்கிறியள்?” என்று கேட்டார். அச்சுப் பிழை என்றேன்.

நேற்று இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்தார். தலைமன்னாரில் கப்பலேறியவர்களின் பட்டியலில் மூக்கையாவின் பெயர் இல்லையாம். “நோட்டீசில் இருக்கிற இந்த ஹம்ஸியா யார்?” என்று கேட்டார். பள்ளித் தோழி, அவனுடைய பழைய பாட்டுகள் வைத்திருந்தாள் என்று சொன்னேன். நம்பினாரோ தெரியாது. இப்போது நிகழ்ச்சியை நிறுத்தினால் நேரே உங்கள் கடைக்குத்தான் வருவார். நடத்தியே ஆகவேண்டும். நீ துஆக் கேள், நான் கதிர்காமத்தானைக் கும்பிடுகிறேன்.

மலர்


பதுளை
17.2.1974

என் ஹம்ஸியாவுக்கு,

கேட்டால் எனக்கு விசர் பிடித்துவிட்டது என்பாய். மண்டபம் நிறைந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் முன்வரிசையில், மடியில் நோட்டீஸ். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததைக் கண்டதும் எனக்குள் என்ன புகுந்ததோ தெரியாது. அவருக்குப் போட வைத்திருந்த மாலையை எடுத்து மேடையிலிருந்த மூக்கையாவின் படத்துக்குப் போட்டேன். “நாட்டை விட்டுப் போக மனமில்லாமல் மூக்கையா தலைமன்னாரில் கடலில் இறங்கி உயிரை விட்டுவிட்டான். கூடப் போனவர்களின் காகிதம் இன்றுதான் கிடைத்தது. இது இனி அஞ்சலி” என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டேன்!

சபை எழும்பி நின்றது. இன்ஸ்பெக்டரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். பாலத்துப் பாட்டை விட்டுவிட்டு மற்றவை எல்லாம் வாசித்தோம். என் வில் நடுங்கியதைப் பார்த்து, டீச்சருக்கு என்ன துக்கம் என்று பேசிக்கொண்டார்களாம். துக்கமாவது! பயம், ஹம்ஸியா, வெறும் பயம். காகிதத்தைக் காட்டச் சொன்னால் என்ன செய்வேன்? அவர் கேட்கவில்லை. போகும்போது, “பாவம். ஃபைலை மூடிவிடுகிறேன்” என்றார்.

பின்வரிசையில் உங்கள் தோட்டத்து ஆட்கள் பத்துப் பேரளவில் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அவர்கள் வருவார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. பேச்சியிடம் முன்கூட்டிச் சொல்லிவிடு. நான் செய்தது சரிதானே? ஒரு வரியாவது எழுது.

மலர்


மடுல்சீமை
28.4.1974

அன்புள்ள மலர்,

நீ பிறகு போட்ட இரண்டு காகிதங்களும் கிடைத்தன. கோபத்தில் பதில் போடாமல் இருக்கவில்லை. பேனையைத் தொடவே பயம். ஜீப் இந்தப் பக்கம் வரவில்லை. வல்லாஹி, நீ செய்ததை என் உயிர் இருக்கும்வரை மறக்கமாட்டேன்.

ஆனால் உன் காகிதம் கைக்கு வருமுன்னே சாவுச் செய்தி லயத்துக்கு வந்துவிட்டது. பேச்சியைச் சுற்றி ஒரே ஒப்பாரி. உண்மை தெரிந்தவள், சொல்ல வழியில்லாமல் அவர்களோடு சேர்ந்து அழுதாள். பொட்டை அழித்தார்கள். பிள்ளைத்தாய்ச்சிக்குத் தாலி இறக்க வேண்டாம் என்று யாரோ தடுத்ததால் பிள்ளை பிறக்கும்வரை விட்டுவைத்தார்கள். ஆண்பிள்ளை பிறந்தது. பிறந்து பதினாறாம் நாள் தாலியை இறக்கிவிட்டார்கள். செத்த மருமகனின் பெயர் நிலைக்கட்டும் என்று அவள் தகப்பன் பிள்ளைக்கு மூக்கையா என்றே பெயர் வைத்திருக்கிறார்.

இந்தியாவுக்கே போய்விடுகிறேன் என்கிறான் பரணில் இருக்கிற இவன். எப்படிப் போவான்? செத்தவனின் பாஸ்போர்ட்டைக் கொண்டுபோய் எந்தக் கப்பலில் ஏறுவான்? வெல்லவாயப் பக்கம் காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்கிற, இவருக்குத் தெரிந்த ஆள் ஒருவர் இருக்கிறார். வேறு பெயரோடு அங்கே அனுப்பப் பார்க்கிறோம். பேச்சி எப்போது போவாள், போவாளா, தெரியாது. நீ இனி எனக்கு எழுதாதே, மலர். உன் கையெழுத்து ஷுக்ரிக்கும் தெரியும், தபால்காரருக்கும் தெரியும். இதை எழுதும்போது அழுகிறேன், ஆனாலும் எழுதாதே.

நேற்றுப் பேச்சி சாமான் வாங்குகிற சாட்டில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முன்னால் கூப்பன் அரிசிக்குத் தோட்டமே வரிசையில் நின்றது. பின்னறையில் அவன் மடியில் பிள்ளையைக் கிடத்தினோம். முகத்தைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தவன் பாட வாயைத் திறந்தான். அந்தக் குரல் தெரியாத ஆள் இந்த மலையில் உண்டா? அந்நிய ஆணின் விரலைக்கூடத் தொடாதவள் நான், பாய்ந்து இரண்டு கையாலும் அவன் வாயைப் பொத்தினேன். அவன் என்னைத் தடுக்கவில்லை. உள்ளங்கைக்குள் அவன் உதடு அசைந்துகொண்டே இருந்தது, மலர். பாட்டு முடியும்வரை நான் கையை எடுக்கவில்லை.

ஹம்ஸியா