பூசை போட்டும் ஓடாத கார்

கோயமுத்தூர்
10.11.97

அன்பு மகள் கலாமணிக்கு அப்பா எழுதுவது. நான் இங்கே சுகம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தை அக்ஷயாவும் உன் அம்மாவும் கனடாவில் சுகமாக இருக்க மாசாணியம்மனை வேண்டிக்கொள்கிறேன். போன வாரம் போனில் பேசும்போது, பேறுகாலம் பார்க்க வந்த அம்மா இன்னும் ஆறு மாதம் இருக்கட்டுமா, டிக்கெட்டை மாற்றட்டுமா என்று கேட்டாய். நானும் அதற்கென்ன கண்ணு, தாராளமாக இருக்கட்டும், எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டேன். அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன், முதலில் கார் விஷயம்.

நேற்று சோமனூரில் என் மில் சிநேகிதர் திருமூர்த்தி மகளுக்குக் கல்யாணம். விடிந்ததும் குளித்துப் பட்டு வேட்டி கட்டி வெளியே வந்தால், நம் அம்பாசிடரின் பின்சக்கரம் காற்று இறங்கி உட்கார்ந்திருக்கிறது. ஸ்டெப்னியை மாட்டிவிடலாம் என்று நட்டை எல்லாம் கழற்றினேன், சக்கரம் வெல்டு வைத்தது போல, அதை மாட்டுகிற ஹப்போடு ஒட்டிக்கொண்டு அசைய மாட்டேன் என்கிறது. காலமெல்லாம் மில்லில் மெஷினோடு மல்லுக்கட்டியவன், காரணம் தெரிய எனக்கு வெகு நேரம் ஆகவில்லை. ஆயுத பூசைக்கு, அம்மா இல்லாத வருஷம் குறை வந்துவிடக் கூடாதென்று ஹோஸ் பிடித்துச் சக்கரத்தின் உள்ளே எல்லாம் தண்ணீர் அடித்துக் கழுவினேன். சந்தனம் குங்குமம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் காட்டினேன். பழத்தை நசுக்கிக்கொண்டு ஒரு சுற்றுப் போய் வர வேண்டும் இல்லையா, எங்கே போவது, யாரோடு போவது என்று அப்படியே விட்டுவிட்டேன். நேற்றுக் குனிந்து பார்த்தால் நாலு பழமும் நசுங்காமலே காய்ந்து கிடக்கின்றன. ஓடியிருந்தால் ஈரம் காய்ந்திருக்கும். நின்ற இடத்திலேயே நின்றதில் அந்தத் தண்ணீரும் ஐப்பசி மழையும் உள்ளே தங்கித் துரு ஏறிவிட்டது.

நட்டைத் திரும்பப் போட்டு, ஒரு சுற்று மட்டும் தளர்வாக விட்டு, ஜாக்கியை இறக்கி, முன்னும் பின்னும் ஓரடி தள்ளிப் பிரேக் பிடித்தால் சக்கரம் விட்டுவிடும். பேட்டரியும் இறங்கிக் கிடந்ததால் ஒருவர் தள்ள, ஒருவர் உள்ளே இருந்து பிரேக் மிதிக்க வேண்டும், தனி ஆளால் ஆகாது. எதிர்வீட்டு அரங்கசாமியைக் கூப்பிட்டேன். அவர் தள்ளிக்கொண்டே, “ஏனுங்கண்ணா, அக்கா எப்பங்க வாராங்க?” என்று கேட்டார். நல்லவேளை, அதற்குள் டொக்கென்று சத்தம் வந்து சக்கரம் விட்டுக்கொடுத்தது, பதில் சொல்லாமல் தப்பித்தேன். முகூர்த்தம் தாண்டிவிட்டது. பந்தியில் தனியாகப் போய் உட்கார மனமில்லாமல் வீட்டிலேயே தயிர் ஊற்றிச் சாப்பிட்டுப் படுத்துவிட்டேன்.

உங்கள் ஊரில் பனிக்காக ரோட்டில் உப்புப் போடுவார்கள் என்று மாப்பிள்ளை சொன்னார், அது இதைவிட மோசம். பனி முற்றுவதற்குள் நாலு சக்கரத்தையும் கழற்றி, ஹப்பும் சக்கரமும் ஒட்டுகிற இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் துரு போகத் தேய்த்து, பூசினதே தெரியாத அளவுக்குக் கிரீஸ் தடவச் சொல். நட்டு மரையிலும் பிரேக்கிலும் பட்டுவிடக் கூடாது. வருஷத்துக்கு இரண்டு தடவையாவது கழற்றி மாட்ட வேண்டும். ஜாக்கியில் நிற்கும்போது சக்கரத்தை உதைக்கவே கூடாது, கார் சரிந்துவிடும். மாப்பிள்ளை ஊரில் இல்லாத நாளில் நீ கைக்குழந்தையோடு நடுரோட்டில் நிற்கும்படி ஆகிவிடக் கூடாது அம்மணி, அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது அம்மா விஷயம். நான் போனில் சொன்னது பொய். உனக்கு அங்கே ஒத்தாசைக்கு ஆள் இல்லை என்பது தெரியாமல் இல்லை. ஆனாலும் இந்த வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை. டிவியைச் சும்மா ஓடவிட்டுச் சமையலறையில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். போன மாதம் தீபாவளியன்று புது வேட்டி கட்டிக்கொண்டு யார் முன்னால் போய் நிற்பதென்று தெரியவில்லை. டிக்கெட்டை மாற்ற வேண்டாம், எடுத்த தேதிக்கே அவளை அனுப்பிவிடு.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம், குழந்தைக்கு ஒரு குறையும் வராமல் அம்மன் காப்பாற்றட்டும். கிரீஸ் விஷயத்தை மறந்துவிடாதே. அம்மாவுக்கு இந்தக் கடிதத்தைக் கார் விஷயம் வரைக்கும் படித்துக் காட்டினால் போதும். கல்யாணமான நாளிலிருந்து அவளை நான் வா என்று கூப்பிட்டதே இல்லை, இப்போது கூப்பிடுகிறேன் என்று தெரிந்தால் எனக்கு உடம்புக்கு என்னவோ என்று பயந்துவிடுவாள்.

இப்படிக்கு
உன் அப்பா
காளிச்சாமி