போகாமல் விட்ட இரண்டு தடவை

ஜமுனாமரத்தூர்,
மாசி மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் கோகிலவாணிக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று ஆரம்பிப்பதுதான் முறை. நீ நர்ஸ் வேலை பார்ப்பவள், உன்னிடம் அது செல்லாது. ஆகவே ஊர்ச் செய்தியில் ஆரம்பிக்கிறேன்.

இந்த வருஷம் புளி நன்றாகக் காய்த்திருக்கிறது. என்னால் மரம் ஏற முடியவில்லை. உன் சித்தப்பா சின்னதம்பிதான் உலுக்கிக் கொடுத்தான். கொட்டை எடுக்கிற வேலை உன் அம்மாவுடையது. நடுவில் மலை ரோட்டில் மரம் சாய்ந்து போளூர் பஸ் வராமல் கிடந்தது. இப்போது வருகிறது.

போனில் சொல்லாமல் ஐதராபாத்துக்குத் தபால் எதற்கு என்று நினைப்பாய். வீட்டில் இருப்பது ஒரே போன். நீ கூப்பிட்டால் அம்மா அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, பேசாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். எழுத்து அவளுக்குத் தெரியாது.

போன வாரம் வேலூரில் ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலில் திரும்ப வந்த கட்டிகள் முதலில் மருந்துக்குச் சுருங்கின அல்லவா, இப்போது அதே மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே வளர்ந்திருக்கின்றன. டாக்டர் அபிநயா பொறுமையாக விளக்கினார். குடலில் வந்த கட்டியில் எல்லா செல்லும் ஒரே மாதிரி இல்லையாம். ஸ்டெம் செல் என்று கொஞ்சம் உண்டாம், மற்றதையெல்லாம் பெற்றுப் போடுவது அவைதானாம். மருந்து பெரும்பாலும் வேகமாகப் பெருகுகிறவற்றைத்தான் கொல்லும். இவை பெருகாமல் தூங்கிக் கிடக்கும், உள்ளே வந்த மருந்தையும் வெளியே தள்ளிவிடும், பிறகு எழுந்து கூட்டத்தை மறுபடி உண்டாக்கும் என்றார். முழுக்காரணம் யாருக்கும் தெரியாது, இது ஒன்று என்றும் சொன்னார். எனக்கு நம் கொல்லைக் கோரை ஞாபகம் வந்தது. மேலே எவ்வளவு அறுத்தாலும் கிழங்கு கீழே கிடக்கும். இன்னொரு மருந்து இருக்கிறது, முயன்று பார்க்கலாம் என்றார். அவர் குரலில் அவசரம் இல்லை. அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

இனி நம் வீட்டு விவகாரம். முதலில் குடலில் செய்த ஆபரேஷனுக்குப் பிறகு ஏற்றிய மருந்தில் கடைசி இரண்டு தடவை பாக்கி இருக்கும்போது ஸ்கேன் சுத்தமாக வந்தது. அம்மா காளியம்மனுக்கு நேர்ந்துகொண்ட கிடாவை வெட்டிக் கடனைக் கழித்தாள். கடன் கழித்த பிறகு அதே நோய்க்கு மருந்து எடுத்தால் சாமி கொடுத்ததை நம்பவில்லை என்றாகும், அது நம் வகையறா வழக்கம். அவள் வேண்டாம் என்றாள், நானும் போகவில்லை. எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. அந்த மருந்து ஏறினால் பச்சைத் தண்ணீரைத் தொட்டாலே கையில் ஷாக் அடிக்கும்.

பொங்கலுக்கு வந்தபோது, "நீதாம்மா அப்பாவ சாவடிச்சிட்ட" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாய். உன் கோபம் நியாயம்தான். அன்றிலிருந்து அவள் கோயில் பக்கம் போகவில்லை. உன்னோடும் பேச்சில்லை, சாமியோடும் பேச்சில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து என்னைத் திட்டுகிறாள். அவளுக்குச் சோறு மட்டும் சரியாக இறங்குவதில்லை.

வேலூரில் அவளை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, அந்த இரண்டு தடவையும் போயிருந்தால் நோய் திரும்பி வந்திருக்காதா என்று டாக்டரிடம் கேட்டேன். வராமலும் இருந்திருக்கலாம், வந்தும் இருக்கலாம், யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஒளிக்காமல் சொன்னார்.

நான் வெளியே வந்ததும், "டாக்டரம்மா இன்னா சொன்னாங்க" என்று உன் அம்மா கேட்டாள். இரண்டு தடவை இல்லை, இருபது தடவை ஏற்றியிருந்தாலும் வந்துதான் இருக்குமாம், நாம் விட்டதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையாம் என்று சொல்லிவிட்டேன். "மெய்யாலுமா?" என்றாள். போளூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், "கோகிலாவ கேக்கறேன். அவ ஆஸ்பத்திரியில கீறா, அவளுக்குத் தெரியும்" என்றாள்.

அதனால் போன் ரிப்பேர் என்று சொல்லிச் சின்னதம்பியிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். கடிதம் கிடைத்ததும் அவனைக் கூப்பிட்டுச் சொல். அதன் பிறகுதான் போன் வீட்டுக்கு வரும்.

அம்மா உன்னைக் கேட்பாள். அப்பா சொன்னது மெய்தான் என்று சொல்லம்மா. நீ படித்த படிப்புக்கு அது விரோதம் என்று எனக்குத் தெரியும். எனக்காக வேறு எதுவும் செய்ய வேண்டாம், மருந்து தேட வேண்டாம், லீவு போட்டு ஓடிவரவும் வேண்டாம். என்னைத் தன் கையாலேயே கொன்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு அவள் இந்த வீட்டில் தனியாக இருக்கக் கூடாது. அதை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நீ நன்றாக இரு. நேரத்துக்குச் சாப்பிடு. அம்மா பேசும்போது குறுக்கே பேசாதே. அவள் அழுதால் அழட்டும், போனை மட்டும் நீ முதலில் வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
அர்ச்சுனன்