பூமியின் ஒளி முடியும் இடம்

மார்ச் 4

மருமகள் தந்த அளவுகளைச் சரிபார்க்கத் தொடங்கினேன். ஓய்வு பெற்ற கருவிப் பொறியாளனுக்கு வீட்டில் கிடைத்த வேலை. பூமியைச் சுற்றி மிக மெல்லிய ஹைட்ரஜன் படலம். வெயில் பட்டு, கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியில் மினுங்குகிறது. அது எந்தத் தொலைவில் முடிகிறது என்று செயற்கைக்கோளை வைத்து மூன்று ஆண்டுகளாக அளந்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை கட்டுரையை அனுப்புகிறாள்.

மார்ச் 5

ஏதோ இடிக்கிறது. என் கணக்கில்தான் பிழை இருக்கும்.

மார்ச் 6

திரும்பப் போட்டும் அதேதான். பூமியின் ஒளியை மட்டும் பிரித்தெடுக்க, வெற்று வானத்தை அளந்து கழித்திருக்கிறார்கள், மருமகளின் குழுவினர். ஆனால் அப்போது செயற்கைக்கோளே அந்தப் படலத்துக்குள்தான் இருந்தது. விளக்கெரியும் கூடத்தின் ஒரு மூலையை இருட்டு என்று வைத்துக்கொண்டது போல. பூமியின் ஒளியிலிருந்து பூமியின் ஒளியையே கழித்துவிட்டு, இங்கே முடிந்தது என்கிறார்கள். இல்லை, எனக்குத்தான் புரியவில்லையா?

மனைவியிடம் சொன்னேன்.

"என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? மருமககிட்ட வாயத் திறக்க பயமா?"

பயம்தான்.

மார்ச் 7

சொல்லிவிட்டேன். அவள் அவசரமாகச் செருப்பு மாட்டும்போது. நேரம் பார்த்தேனே! "தப்பா எடுத்துக்காதம்மா, என் கணக்கு தப்பாவும் இருக்கலாம்" என்று இழுத்து இழுத்து. நின்று முழுக்கக் கேட்டாள்.

"இத இப்ப சொல்றீங்களே மாமா."

போய்விட்டாள்.

மார்ச் 8

இன்று வெள்ளி. கட்டுரை போனதா, தெரியாது. கேட்கத் துணிவில்லை. பெரிய மேதாவின்னு நெனப்பு எனக்கு! வாய மூடிட்டு இருந்திருக்கலாம்ல?

மாலையில் வழக்கம்போல என் கண்ணுக்கு மருந்து விட மருமகள் வந்தாள். "மேல பாருங்க." அவ்வளவுதான் பேச்சு. முகவாயைப் பிடித்த விரல்களில் கோபம் இல்லை.

மார்ச் 10

கட்டுரையை நிறுத்திவிட்டாள்! ஆறு மாதம் கழித்து, செயற்கைக்கோள் பூமியோடு சூரியனின் மறுபக்கம் போனபின், படலம் குறுக்கே வராதபோது, அதே வானத்தை மறுபடி அளக்கப் போகிறார்கள்.

"உங்க மேலதிகாரி கத்தினாராம்மா?"

"நீங்க கத்தாம சொன்னதுக்கும் சேத்துக் கத்திட்டாரு மாமா."

சிரித்தாள். என் கணக்கு தப்பாக இருந்தால்?

செப்டம்பர் 12

புது அளவுகளின் வரைகோடு வந்தது. பழையது கீழே விழுந்த இடத்தைத் தாண்டியும் இது விழவில்லை. கணினித் திரையின் ஓரம் வரை மருமகள் அதை விரலால் தொடர்ந்தாள்.

"ஒளி இன்னும் முடியல மாமா. போயிட்டே இருக்கு."

மனைவி எட்டிப் பார்த்தாள். "நல்லதா, கெட்டதா? அத மட்டும் சொல்லுங்க."

"நல்லதுதான்!" மருமகளும் நானும் ஒன்றாகச் சொன்னோம். என் குரல்தான் பெரிதாகக் கேட்டது.