சின்னவள் நிற்காத கோல்

மார்ச் 4, செவ்வாய்
சின்னவளின் முழங்காலில் தசைநார் அறுந்துவிட்டது. டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். எனக்கு மேகமூட்டம்தான் தெரிந்தது. பெரிய மனுஷன் மாதிரித் தலையாட்டினேன். இந்த சீசன் அவள் கால்பந்து அணிக்குக் கோல் காக்கவே கூடாதாம். அடுத்த சீசன்? "பார்ப்போம்" என்றார். தேறாத ஃபிரிட்ஜைப் பழுது பார்க்கப் போனால் நானும் அதைத்தான் சொல்வேன்.

மார்ச் 6, வியாழன்
பேசமாட்டேன் என்கிறாள். சாப்பாட்டுத் தட்டு போன மாதிரியே திரும்பி வருகிறது.

மார்ச் 8, சனி
மூத்தவன் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு, அவள் அணி ஜெயிக்க நூற்றுக்கு எவ்வளவு வாய்ப்பு என்று சொல்வான். நாளைய ஆட்டத்துக்கு, தங்கச்சி கோலில் நின்றால் அறுபத்திரண்டு. அவளுக்குப் பதிலாகக் கொக்கு நின்றால் நாற்பத்தொன்று. கொக்கு என்பது புதுப் பெண். உயரத்தைப் பார்த்து அணியே வைத்த பெயர்.

"கொக்குக்கு இருபத்தஞ்சுன்னு போடேன்டா. அவளுக்கு ஆறுதலா இருக்கும்."

"அப்பா, இதென்ன காய்கறிக் கடையா, பேரம் பேச?"

நானே அவளிடம் போய் இருபத்தைந்து என்று சொல்லிவிட்டேன். தட்டைக் காலி செய்தாள்.

மார்ச் 9, ஞாயிறு
ஜெயித்துத் தொலைத்துவிட்டார்கள்.

மார்ச் 16, ஞாயிறு
மறுபடியும். கொக்கு ஒரு பெனால்டியைத் தடுத்தாளாம். "நல்லதுதானே" என்றாள் சின்னவள், சுவரைப் பார்த்து.

மார்ச் 22, சனி
அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டாள். "இப்ப நான் இல்லன்னா எவ்வளவுடா குறையுது?"

அவனுக்குப் பொய் வராது, அம்மா பிள்ளை. "நாலு" என்றான். ரெண்டு ஆட்டத்தை வச்சு எதையும் முடிவு பண்ணக் கூடாது என்று என்னென்னவோ விளக்கினான். "சரிடா" என்றாள். இரண்டு வாரத்துக்கு முன்னால், அறுபத்திரண்டில் நாற்பத்தொன்று போக, இருபத்தொன்றாக இருந்தவள். ஒரு ஆள் இப்படிக் கரைய முடியுமா?

மார்ச் 23, ஞாயிறு
இறுதி ஆட்டம். அவள் வரவில்லை. நம் அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு, நம் அணி தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தவன் அந்தக் கூட்டத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருக்கும். கடைசியில் பந்து கொக்கின் கையில் பட்டு நழுவி உள்ளே போயிற்று. தோல்வி.

மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினேன், இந்த வயதில். "தோத்துட்டாங்கம்மா. நீ இல்லாம முடியல."

"எதுக்குப்பா சிரிக்கிறீங்க? அது என் டீம்."

கதவைச் சாத்திக்கொண்டாள். காலுக்காகக்கூட அழாதவள், இன்றைக்குத் தேம்பித் தேம்பி — அறிவு இருக்கா எனக்கு? கதவுக்கு வெளியே படியில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே அவள் போனில் பேசும் குரல்.

"கொக்கு, அழாதடி. அந்தப் பந்தை நானும்தான் விட்டிருப்பேன்."

விட்டிருக்கமாட்டாள்.

ஏப்ரல் 24, வியாழன்
இனி எப்போதுமே ஆட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து வந்தாள். எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

ஜூன் 1, ஞாயிறு
புது சீசனின் முதல் ஆட்டம். பக்கத்தில் உட்கார்ந்தவர் பேச்சுக் கொடுத்தார். "உங்க பொண்ணும் ஆடுதா? எந்த இடத்துல?"

முன்பெல்லாம் இதற்கு அரை மணி நேரம் பதில் சொல்வேன்.

"அதோ, கோலுக்குப் பின்னாடி" என்றேன். கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு, "முன்னாடி வாடி, முன்னாடி வா" என்று கொக்கிடம் கத்திக்கொண்டிருந்தாள்.