கட்சி மாறாத இருவர்

அன்பு மகள் ராமோனாவுக்கு அப்பா எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம். ஜெர்மனியிலுள்ள நம் அமெரிக்க ராணுவ முகாமில் நீயும் சளி, இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். ஊரார் வாசல்களில் நட்டிருந்த என் தேர்தல் பலகைகளைப் பிடுங்கும்போது என் கை பிசகிவிட்டது, அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை ஈதா எழுதுகிறாள். திட்டுகளை மட்டும் விட்டுவிடுகிறாள், நீயே சேர்த்துக்கொள்.

கவர்னர் பதவிக்கு நம் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உள்தேர்தலில் நான் தோற்றது உனக்குத் தெரிந்திருக்கும். எப்படித் தோற்றேன் என்று கேள். எந்தக் கட்சியில் பெயரைப் பதிந்திருக்கிறோமோ அந்தக் கட்சியின் உள்தேர்தலில்தானே ஓட்டுப் போட முடியும். இந்த மாநிலத்தில் பெரிய கட்சி யாரை நிறுத்துகிறதோ அவன்தான் கவர்னர், நம் கட்சி பேருக்கு நிற்பது. அதனால் பெரிய கட்சியில் நின்ற, கிராமத்து ஆஸ்பத்திரிகளை மூடுவேன் என்கிற ஸ்டாக்வெல்லை அங்கேயே தோற்கடிக்க, நம் ஆட்கள் வழக்கம்போல் வசந்தத்திலேயே அந்தக் கட்சிக்குப் பதிவை மாற்றிக்கொண்டார்கள். உன் அம்மாவும்தான். மாற்றும் கெடு முடிந்த பிறகு, லைலின் காபிக் கடையில் ஆப்பிள் பை பலகாரம் தின்றுகொண்டே, "ஆரின், நீ நில்லுடா, நாங்கல்லாம் இருக்கோம்ல" என்றார்கள். நானும் நின்றேன். மனு கொடுத்துவிட்டு வந்த அன்று ஈதாதான் கேட்டாள், "இவங்க யாருக்குமே நம்ம கட்சியில ஓட்டு இல்லையேப்பா?" என்று. அதற்குமேல் யாரும் திரும்பி வர முடியாது. வாசலுக்கு வாசல் என் பலகை நின்றது, பெட்டியில் ஓட்டு இல்லை. கொஞ்ச ஓட்டில்தான் தோற்றேன், அதுதான் எரிகிறது. அந்தப் பக்கம் ஸ்டாக்வெல்லும் ஜெயித்துவிட்டான். இப்போது லைல், "பொண்டாட்டி ஓட்டே வாங்காத கவர்னர் வர்றாரு, காபி ஊத்துங்கப்பா" என்கிறான். கடையே சிரிக்கிறது. உன் அம்மா, "நவம்பர் தேர்தல் சீட்டுல உங்க பேர் இல்லாட்டி என்ன, நானே கையால எழுதிப் போடறேங்க" என்கிறாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிறேன் என்று எழுந்து போய்விட்டேன்.

இந்த வீட்டில் கட்சி மாறாதவர்கள் நானும் நீயும்தான். உள்தேர்தலுக்கான தபால் ஓட்டுச்சீட்டை உனக்கு ஜூலையிலேயே அனுப்பிவிட்டதாகக் கவுண்டி தேர்தல் அலுவலகத்தில் சொன்னார்கள். யார் யாருடைய சீட்டு ஓட்டோடு திரும்பி வந்தது என்றும் கேட்டால் சொல்வார்களாம். நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், குளிருக்கு முன் நல்ல பூட்ஸ் வாங்கு. கடவுள் உன்னோடு இருக்கட்டும். நவம்பர் சீட்டும் வரும், அதையாவது மேஜையில் போட்டு வைக்காதே.

உன் அப்பா,
ஆரின் டோலஃப்சன்